அப்பாவின் நார்த்தங்காயும் ‘மெருகேற்று’ பொத்தானும்: நாட்குறிப்பை எதில் எழுதுகிறீர்கள்?

மாம்பலத்துக் கிணறு (காலை 6.10)

கேட்க வந்த கேள்வி சிறியது, முன்கதைதான் நீளம். காபி ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். புத்தாண்டுக்கு யாராவது கொண்டுவந்து கொடுக்கும் இலவச டைரிதான் எப்போதும். முதல் சில பக்கங்களில் அரசு விடுமுறை, அஞ்சல் குறியீட்டு எண், ராகுகாலம். அதற்குப் பிறகு நான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் புகுந்தபோது கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியில் இருபத்திரண்டு டைரிகள் இருந்தன. மைப்பேனாவால் எழுதியவை நீலத் தண்ணீராகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை ஊறிப் பருத்தாலும் எழுத்து நின்றது. இனிமேல் காகிதமே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வீட்டை மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடிக்கு மாற்றினோம். எழுத்தைக் கைபேசிக்கு மாற்றினேன்.

முதலில் பிடித்த செயலி மூன்றே ஆண்டில் கடையைக் கட்டிவிட்டது. முப்பது நாளுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. எடுத்தேன். வந்த பி.டி.எப். கோப்பைத் திறந்தால் கண்ணுக்கு எல்லாம் சரி. ‘கொய்யா’ என்று தேடினால் மட்டும் இல்லை என்றது. நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இரண்டாவது செயலியில் இப்போது இருக்கிறேன். போன மாதம் வரைக்கும் குறையில்லை. பிறகு, எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு புதிய பொத்தான் முளைத்தது: ‘மெருகேற்று’.

அப்பாவின் நினைவு நாள் அது. 2009-ல் போனார். அன்றைக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: ‘அப்பா கடைசியாகக் கேட்டது நார்த்தங்காய் ஊறுகாய். டாக்டர் உப்பு கூடாது என்றதால் கொடுக்கவில்லை. இலையோரம் ஒரு துண்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’

பொத்தானை அழுத்தினேன். வந்தது இது: ‘என் தந்தை தம் இறுதி நாட்களில் பாரம்பரிய உணவின் சுவையை நாடினார். மருத்துவ ஆலோசனைக்கும் அன்பிற்கும் இடையிலான அந்தப் போராட்டம் எனக்கு ஒரு முக்கியமான வாழ்க்கைப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது.’

எனக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை. நார்த்தங்காயும் போய்விட்டது, கேள்விக்குறியும் போய்விட்டது.

நீங்களெல்லாம் எதில் எழுதுகிறீர்கள்? இந்தச் செயற்கை நுண்ணறிவை நாட்குறிப்புக்குள் விடுகிறீர்களா, வாசலோடு நிறுத்துகிறீர்களா? இருபது ஆண்டாக வலைப்பூ எழுதுகிறவள் கேட்கிற கேள்வியா என்று சிரிக்க வேண்டாம். வலைப்பூ ஊருக்கு, இது எனக்கு.

சும்மா பார்ப்பவன் (6.32)

நாற்பது பக்க நோட்டு, நீலப் பால்பாயிண்ட். நீங்களே மேலே விடை சொல்லிவிட்டீர்கள் அம்மா.

ஒற்றுப்பிழை (7.45)

முப்பது ஆண்டுகளாக ராயப்பேட்டை அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்துப் பிழைத்தவன். ஆகவே என் கோபத்தைத் தொழில் கோபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெருகேற்றிய பத்தியில் எழுத்துப்பிழை கிடையாது. ‘அந்தப் போராட்டம்’ என்று வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவன் கையில் சிவப்பு மைக்கு அதில் வேலையே இல்லை. அதுதான் எனக்குக் கிலி. முன்பெல்லாம் மோசமான பத்தி தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றில் இடறும், ஒருமை பன்மையில் விழும். இப்போது செத்த பத்தி சுத்தமாகச் சலவை செய்த வேட்டியில் வந்து நிற்கிறது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக என்னிடம் வரும் கட்டுரைகளில் சில சொற்கள் பெருச்சாளிபோலப் பெருகிவிட்டன. முதலாவது ‘ஒரு’. தமிழில் ‘பெண் வந்தாள்’ என்றாலே போதும். இயந்திரம் ‘ஒரு பெண் வந்தாள்’ என்று எல்லாப் பெயருக்கும் முன்னால் காவலாளியை நிறுத்துகிறது. அடுத்தது ‘மற்றும்’. ‘அரிசியும் பருப்பும்’ என்று உம்மை போட்டு முடிய வேண்டியதை ‘அரிசி மற்றும் பருப்பு’ என்று பட்டியலாக்குகிறது. பிறகு ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’. எது எடுத்தாலும் பங்கு வகிக்கிறது. குடும்பச் சொத்துத் தகராறு கெட்டது. உங்கள் பத்தியில் ‘வாழ்க்கைப் பாடம்’ வந்ததில் எனக்கு வியப்பில்லை அம்மா. என்னிடம் வந்த சமையல் குறிப்பு ஒன்றிலும் கடைசியில் அது இருந்தது.

திருத்தும் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியை நானே தினமும் பயன்படுத்துகிறேன்; சந்திக்கு அவருடைய ‘நாவி’. அவை சந்தேகமான சொல்லைச் சுட்டிக்காட்டும், மாற்றுச் சொல் நீட்டும், முடிவை நம்மிடம் விட்டுவிடும். விரலை நீட்டிக் காட்டுபவனுக்கும் கையைப் பிடித்து எழுதுபவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பறக்கும் ரயில் (8.20, திருமயிலையிலிருந்து தரமணிக்குப் போகும் வழியில்)

மென்பொருள்காரன். சீட்டு கிடைத்துவிட்டது, ஆகவே கொஞ்சம் எழுத முடியும்.

முதலில் அந்த பி.டி.எப். மர்மம். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுத்து வைக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கொ’ என்பது ககரத்தைத் தொடர்ந்து ஒகரக் குறி என்ற ஒலி வரிசையில் இருக்கும். அச்சில் கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும். பி.டி.எப். கவலைப்படுவது பக்கத்தில் எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி. ஒலி வரிசையையும் கூடவே ஒழுங்காக வைத்து அனுப்பாவிட்டால், பார்க்க அழகாகவும் தேட முடியாததாகவும் ஆகிவிடும். உங்கள் கொய்யா உள்ளேதான் இருக்கிறது, பெயர் மாறிக் கிடக்கிறது.

இரண்டாவது, இயந்திரம் ஏன் அப்படி எழுதுகிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் வழக்கமான யு.டி.எப்.-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட். இந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்து எழுதும் மென்பொருளான மொழி மாதிரிகள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. எந்தத் துண்டு வேண்டும் என்பதை அவை பயிற்சியில் அதிகம் பார்த்த உரையிலிருந்து தீர்மானிக்கிறார்கள். அதில் ஆங்கிலம் மலை, தமிழ் மடு. 2024 மே மாதம் ஜி.பி.டி.-4ஓ என்ற மொழி மாதிரி வந்தபோது ஓப்பன்ஏஐ நிறுவனமே மாதிரி வாக்கியம் ஒன்றை வைத்துக் காட்டியது: பழைய முறையில் தமிழுக்கு 116 துண்டு, புதிய முறையில் 35. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 27-லிருந்து 24. நிலைமை நிறையச் சீராகிவிட்டது என்பதும் தெரிகிறது, அதற்குமுன் எவ்வளவு பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரிகிறது.

ஆனால் ‘வாழ்க்கைப் பாடம்’ வந்ததற்கு இந்த நறுக்கல் காரணம் இல்லை. அந்த மாதிரிகளைப் பலருக்கும் பிடிக்கிற விடைகளை நோக்கிப் பழக்குகிறார்கள். பலருக்கும் பிடிப்பது என்றால் யாருடைய வீட்டு ஊறுகாயும் இல்லாதது என்றுதான் ஆகும். ‘மெருகேற்று’ என்று சொன்னால் அது பொதுவான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ‘எழுத்துப்பிழையை மட்டும் சுட்டிக்காட்டு, எந்தச் சொல்லையும் மாற்றாதே’ என்று கட்டளையிட்டால் ஓரளவு கையைக் கட்டிக்கொண்டிருக்கும். ஓரளவுதான்.

தரமணி வந்துவிட்டது.

மாம்பலத்துக் கிணறு (9.05)

ஒற்றுப்பிழை ஐயா, சொத்துத் தகராறைப் படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். பறக்கும் ரயில் தம்பி, ‘யாருடைய வீட்டு ஊறுகாயும் இல்லாதது’ என்பதைத்தான் ஒரு மாதமாகச் சொல்லத் தெரியாமல் தவித்தேன்.

இரவுப்பனி (10.40)

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

தனியார் மருத்துவமனையில் செவிலியர். காலை ஏழரைக்கு வீடு திரும்பும்போது விரலில் வலு இருக்காது. மொட்டை மாடியில் நின்று கைபேசியிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. என் பெயரே அப்படி வந்ததுதான். ‘இரவுப்பணி முடிந்தது’ என்றேன். ‘இரவுப்பனி முடிந்தது’ என்று எழுதியது. மார்கழி மாதம் வேறு. திருத்த மனம் வரவில்லை. ணகர னகரமும் லகர ளகர ழகரமும் அதற்கு இன்னமும் தடுமாற்றம்தான். நம்மில் பாதிப் பேருக்கும் அப்படித்தான்.

என் எழுத்தை மெருகேற்றச் சொல்வதில்லை. கேள்வி கேட்கச் சொல்கிறேன். நோயாளிகளின் பெயர், படுக்கை எண், நோய் எதுவும் எழுதுவதில்லை. அது என் விரதம். போன ஆண்டு, மூன்று மாதக் குறிப்புகளைக் கொடுத்து, தலைவலி என்று எந்தெந்த நாளில் சொல்லியிருக்கிறேன் என்று கேட்டேன். தேதிகளை எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் நானே திரும்பப் போய்ச் சரிபார்த்தேன். இரண்டு தேதி தப்பு. மீதியைப் பணி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால், தொடர்ந்து மூன்று இரவு வேலை பார்த்ததற்கு அடுத்த நாட்கள் அவை. அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் காட்டி, தொடர்ந்து இரண்டு இரவுக்குமேல் வேண்டாம் என்று மாற்றி வாங்கினேன். மெய்ப்புப் பார்ப்பவரின் கோபத்தை மதிக்கிறேன், ஆனால் எனக்கு அதனால் தூக்கம் கிடைத்தது.

இன்னொன்று. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வைப் படிப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தை, அதில் உண்டான உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு. பின்னால் பலர் செய்த சோதனைகளில் பலன் சிறியது என்றுதான் வந்திருக்கிறது, அதனால் இதை மருந்துச் சீட்டாக எழுதித்தர மாட்டேன். நான் சொல்ல வருவது அந்த முறையில் கொடுக்கும் அறிவுரையைத்தான்: எழுத்துப்பிழை, இலக்கணம், வாக்கிய அமைப்பு எதையும் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள் என்பார்கள். மெருகேற்று பொத்தான் வைத்தவர்கள் நாட்குறிப்பில் எது வேலை செய்கிறது என்பதையே பார்க்கவில்லை அக்கா. அங்கே உங்கள் கட்சிதான் நான்.

மேன்ஷன் அறை 14 (பகல் 12.15)

திருவல்லிக்கேணியில் மூன்று பேரோடு ஒரே அறை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். முதல் ஆண்டு நோட்டில்தான் எழுதினேன். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அறைத் தோழன் அதை எடுத்து, செய்தி வாசிப்பதுபோல மற்றவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். காகிதத்தின் பெருமையைப் பேசுகிறவர்களுக்குத் தனி அலமாரியும் சாவியும் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இப்போது இரவில் ஏஐ செயலியிடம்தான் எழுதுகிறேன். நாட்குறிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. இன்றைக்கு மாதிரித் தேர்வில் இவ்வளவு குறைந்தது, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தட்டினால் பதில் வருகிறது. அந்தப் பதில் பல நாள் சப்பென்றுதான் இருக்கும், ஒற்றுப்பிழை ஐயா சொல்வதுபோலச் சலவை வேட்டி. ஆனால் இரவு ஒரு மணிக்குச் சப்பென்ற பதில்கூட இல்லாமல் இருப்பது வேறு மாதிரி.

பறக்கும் ரயில் (12.50)

தம்பி, உங்களைத் தடுக்கவில்லை. அந்த அறைத் தோழனைவிடப் பெரிய காது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நாம் தட்டுவது நம் கைபேசியில் தங்குவதில்லை, நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், 2025-ல், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி நீதிமன்றம் ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. சில மாதம் அது நடப்பில் இருந்தது. யாரும் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ‘அழி’ என்பது நம் கையில் முழுக்க இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். என் உரையாடலை வைத்துப் பயிற்சி கொடுக்காதே என்று அமைப்புப் பக்கத்தில் அணைத்துவைக்க வழி உண்டு. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

கணினி கொஞ்சம் வலுவாக இருந்தால், மொழி மாதிரியை அதிலேயே இறக்கி, இணையம் இல்லாமலே ஓட்டலாம். ஜெம்மா, லாமா போன்றவை அப்படிக் கிடைக்கின்றன. சிறிய மாதிரிகளின் தமிழ் தட்டுத்தடுமாறும். கேள்வி கேட்கப் போதும். பேச்சை எழுத்தாக்க ஓப்பன்ஏஐ 2022-ல் திறந்துவிட்ட விஸ்பர் இருக்கிறது. நம் ஊர் ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே செய்து, இலவசமாக விட்டிருப்பவையும் இருக்கின்றன. இரவுப்பனி, உங்களுக்கு அவை ஒத்துவரலாம்.

மேன்ஷன் அறை 14 (1.05)

அணைத்துவிட்டேன் அண்ணா. வலுவான கணினி வாங்கித் தேர்வில் தேறிய பிறகு மற்றதைப் பார்க்கிறேன்.

ஒற்றுப்பிழை (1.30)

தம்பி, அலமாரிச் சாவி பற்றிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாயை மூடிக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும்.

கரையான் (3.20)

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய காகிதங்களைக் காப்பாற்றுவது என் வேலை; எதிரியின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாட்குறிப்பு என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரை யாரும் இழுக்கவில்லையே! ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தது நம் பெரம்பூரில். புதுச்சேரிக்குப் போய், பிற்பாடு பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761-ல் சாகும்வரைக்கும் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை, ஆளுநரின் மனைவி என்ன சொன்னாள், யார் யாரிடம் கோள் மூட்டினார்கள், எல்லாம் உண்டு. வணிகர் அல்லவா, கணக்கு எழுதுகிற கையோடே எழுதினார். அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ், நடுநடுவே பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, தெலுங்குச் சொற்கள். இன்றைய மெய்ப்புக்காரர் கண்ணில் பட்டால் பக்கத்துக்கு நூறு திருத்தம் போடுவார். (ஒற்றுப்பிழை, உங்களைத்தான்.)

அவர் போன பிறகு அந்த ஏடுகள் வாரிசுகளின் வீட்டில் கிடந்தன. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டுபிடித்துப் படியெடுக்க வைத்தார். சென்னை அரசாங்கம் 1904-லிருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பிள்ளை வீட்டில் அன்றைக்கு மெருகேற்றும் பொத்தான் இருந்திருந்தால், ‘வணிகம் மற்றும் அரசியல் சூழலில் பல சவால்களை எதிர்கொண்டேன்’ என்று 25 ஆண்டுக்கு ஒரே வரியோடு முடிந்திருக்கும்.

செயலி எது என்று கேட்டீர்கள். எனக்கு அதைவிட முக்கியம், அதிலிருந்து வெளியே வர முடியுமா என்பதுதான். பனை ஓலை இருக்கிறதே, அது என்றைக்கும் நிற்கும் பொருள் கிடையாது. பூச்சி அரிக்கும், ஓரம் நொறுங்கும். தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். அப்படி எழுதியதுதான் நமக்குக் கிடைத்தது. பெயர்த்தெழுத ஆள் இல்லாதபோது ஏடுகள் ஆற்றோடு போனதையும் நெருப்பில் போனதையும் உ.வே.சா. வயிறெரிந்து எழுதிவைத்திருக்கிறார். பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்துக்குப் போனால், தப்பிப் பிழைத்தவற்றைப் பார்க்கலாம்.

செயலிகளும் ஓலைதான். எவர்நோட் 2008-ல் வந்து உலகமெல்லாம் பரவியது. 2023-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய், அந்த ஆண்டுக் கடைசியில் இலவசக் கணக்குக்கு ஐம்பது குறிப்பு, ஒரே நோட்டு என்று வரம்பு வந்தது. 2011-ல் பிறந்த டே ஒன் செயலியை வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் 2021-ல் வாங்கியது. அது இன்னும் நன்றாகத்தான் நடக்கிறது, எழுதியதை வெளியே எடுக்கவும் விடுகிறது. ஆனால் யார் கை எப்போது மாறும் என்று யார் கண்டது? நான் அப்சிடியன் என்ற செயலியில் எழுதுகிறேன். காரணம் அதன் அழகு கிடையாது. அது நம் கணினியில் சாதாரண உரைக் கோப்பாக வைக்கிறது. நாளைக்கு அப்சிடியன் மறைந்துபோனாலும் கோப்பு அங்கேயே இருக்கும், எந்த நோட்பேடிலும் திறக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஒரு வன்தட்டில் பெயர்த்தெழுதுகிறேன், ஓலைக்காரர்களைப் போல.

பழைய ஆட்களுக்கு ஒன்று: 2003 வாக்கில், யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி என்ற பழைய குறியாக்க எழுத்துருவில் எழுதிய வலைப்பதிவுகள், மின்னஞ்சல்கள் கையில் இருந்தால் உடனே யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் அதற்குப் போதும். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். கிறுக்கல் என்று நினைத்து யாராவது அழித்துவிடுவார்கள்.

ஒற்றுப்பிழை (4.00)

நூறு திருத்தம் போட மாட்டேன். அவருடைய நாட்குறிப்பில் கை வைத்தால் என் கை அழுகிவிடும். அச்சுக்கு வந்தால் அடிக்குறிப்பில் விளக்கம் போடுவேன்.

பறக்கும் ரயில் (6.50)

கரையான் ஐயா ‘வேறு வன்தட்டு’ என்றதும் நினைவு வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக் குறிப்புகளும் பத்திரமாக மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருந்தன. எனக்கு மேலே மேகம் மட்டும்தான் இருந்தது. படகு வந்ததையும் பால் பாக்கெட் விலையையும் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன். என் நாட்குறிப்பிலேயே திரும்பத் திரும்பப் படிப்பது அந்தத் தாளைத்தான். இதிலிருந்து காகிதம் உயர்ந்தது என்று யாரும் எழுத வேண்டாம். கிணற்று அக்காவின் டைரிகளைக் கொண்டுபோனதும் தண்ணீர்தான்.

இரவுப்பனி (இரவு 7.30)

எல்லாரும் காப்பாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறு கவலை. நான் போன பிறகு என் மகள் இதையெல்லாம் படிக்க வேண்டுமா? மாமியாரைப் பற்றி எழுதியது, அவளைப் பற்றியே எழுதியது. தாளாக இருந்தால் ஒரு நாள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம்.

கரையான் (7.48)

போடாதீர்கள் என்று சொல்லத்தான் என் தொழில் கற்பித்திருக்கிறது, ஆனால் அது உங்கள் அடுப்பு. மின்வடிவில் இருந்தால் ஏற்பாடு வேறு. கூகுள் கணக்கில் செயல்படாக் கணக்கு மேலாளர் என்று உண்டு; இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குக் கொடு, அல்லது அழித்துவிடு என்று எழுதிவைக்கலாம். ஆப்பிளில் மரபுத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்கலாம். எதுவுமே செய்யாவிட்டாலும், இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்பது 2023-லிருந்து விதி. மகளுக்குக் கொடுக்க நினைக்கிறவர்களும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

மாம்பலத்துக் கிணறு (9.10)

நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். செயலியை விட்டு வெளியே வருகிறேன். உரைக் கோப்பு என்பதுதான் எனக்கும் சரி என்று படுகிறது. இரவுப்பனியைப் போலக் கேள்வி கேட்க மட்டும் இயந்திரத்தைக் கூப்பிடலாம், அதுவும் வாசலில் நிற்க வைத்து. மெருகேற்றிய பத்தியை அழித்துவிட்டேன். (அழிந்ததா என்று பறக்கும் ரயில் தம்பியிடம் கேட்கப்போவதில்லை.)

காலையில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்த நார்த்தங்காய் வரியை நான் நினைவிலிருந்துதான் எழுதினேன். 2009 டைரி வெள்ளத்தில் நனைந்து, பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பத்து ஆண்டாக பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் இருக்கிறது. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே இருந்தபோது மதியம் ஒரு சந்தேகம் வந்தது. அப்பா கேட்டது நார்த்தங்காய்தானா? எலுமிச்சை ஊறுகாயாக இருந்து, இத்தனை ஆண்டில் நானே மெருகேற்றிவிட்டேனா? தங்கையிடம் கேட்டேன். அவர் ஊறுகாயே கேட்கவில்லை, மோர்தான் கேட்டார் என்கிறாள்.

கரையான் ஐயா, ஒட்டிப்போன டைரியைப் பிரிக்க முடியுமா?

கரையான் (9.40)

எந்தப் பேனா?

மாம்பலத்துக் கிணறு (9.42)

பால்பாயிண்ட். அந்த ஆண்டு மைப்பேனா உடைந்திருந்தது.

கரையான் (10.15)

அப்படியானால் நம்பிக்கை இருக்கிறது. மைப்பேனாவாக இருந்தால் ஈரம் காட்டவே விட்டிருக்க மாட்டேன்.

உலர்ந்த நிலையில் எக்காரணத்துக்கும் பிய்க்காதீர்கள். எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். பத்து ஆண்டு பையில் இருந்ததால் பூஞ்சை இருக்கும். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் பையைத் திறங்கள். கரும்பூஞ்சை படர்ந்திருந்தால் அதோடு நிறுத்தி எனக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத் துணி, அதன்மேல் கம்பித் தட்டு, அதன்மேல் டைரி. தண்ணீர் டைரியைத் தொடக் கூடாது, ஈரக்காற்று மட்டும் தொட வேண்டும். சில மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், பூஞ்சை மறுபடி உயிர்பெறும். காகிதம் தளர்ந்தால், முனை மழுங்கிய மெல்லிய தகட்டை ஓரத்திலிருந்து நுழைத்து நகர்த்துங்கள். ஒரு பக்கம் பிரிந்ததும் முதலில் புகைப்படம். பிறகு இடையில் உறிஞ்சுதாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் கூடாது. பளபளப்புத் தாளாக இருந்தால் பிரியாது. அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம் வேண்டும் என்று தெரிந்தால், அந்த இடத்திலிருந்து மட்டும் தொடங்குங்கள்.

மாம்பலத்துக் கிணறு (10.21)

அக்டோபர். ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன். உறிஞ்சுதாள் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கிடைக்குமா?

சும்மா பார்ப்பவன் (10.24)

கிடைக்கும். சனிக்கிழமையே போய்விடுங்கள் அம்மா, ஞாயிறு கடை இருக்காது.